ஆவாரைக் குடிநீர்: வேலை செய்வது ஆன்டிஆக்ஸிடன்டா, வேறொன்றா?

கொன்றைப்பட்டை: நீரிழிவுக்குச் சித்த மருத்துவத்துல கொடுக்குற ஆவாரைக் குடிநீர்ல ஏழு சரக்கு: ஆவாரை, கொன்றை, நாவல், கடலழிஞ்சில், கோரைக்கிழங்கு, கோஷ்டம், மருதம்பட்டை. இந்த ஏழில் பாதிக்கு மேல நாக்கைச் சுருக்குற துவர்ப்பு. துவர்ப்புன்னா டானின், டானின்னா ஆன்டிஆக்ஸிடன்ட், அதாவது செல்லைக் கெடுக்குற ஃப்ரீ ராடிக்கலை அடக்குறது. ரத்தத்துல சர்க்கரை ஏறினா செல்லோட சக்திக்கூடமான மைட்டோகாண்ட்ரியா சூப்பராக்ஸைடுங்கிற ஃப்ரீ ராடிக்கலைக் கொட்டுது. இன்சுலின் சுரக்குற பீட்டா செல்லுல, அதுலேர்ந்து வர்ற ஹைட்ரஜன் பெராக்ஸைடைச் சமாளிக்கிற கேட்டலேஸ் நொதி ரொம்பக் குறைவு. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துல ஸ்ட்ரெப்டோஸோடோசின் போட்டு நீரிழிவு வரவழைச்ச எலிகளுக்கு ஆவாரம்பூச் சாறு 30 நாள் கொடுத்து, சர்க்கரை இறங்குனதை 2002லயே வெளியிட்டாங்க. வேற என்ன சாட்சி வேணும்?

பிப்பெட்: சாட்சியைக் கொஞ்சம் குறுக்கு விசாரணை பண்ணுவோம். எலிக்குக் கிலோவுக்கு 450 மி.கி. மனுஷக் கணக்குக்கு 6.2ஆல வகுத்தா 73 மி.கி. 60 கிலோ ஆளுக்கு 4.4 கிராம் உலர்சாறு. பூவுல 15% சாறு இறங்குதுன்னு வெச்சாலும் தினம் 29 கிராம் காய்ஞ்ச பூ. டீயில மிதக்குறது அஞ்சாறு பூ!

இன்னொண்ணு, அலாக்ஸான்ங்கிற விஷத்தால நீரிழிவு வரவழைச்ச எலி ஆய்வுகள். அலாக்ஸான் பீட்டா செல்லைக் கொல்றதே ஃப்ரீ ராடிக்கலாலதான். முன்கூட்டியே ஆன்டிஆக்ஸிடன்ட் கொடுத்தா செல் பிழைச்சுக்கும். அது விஷமுறிவு. டைப் 2க்கு மருந்துன்னு அதை வெச்சுச் சொல்ல முடியாது.

கொன்றைப்பட்டை: நான் சொன்னது அலாக்ஸான் இல்லை, சர்க்கரை ஏறின பிறகு கொடுத்த ஆய்வு. ராடிக்கலை நேரா பிடிக்குதுன்னும் சொல்லலை. செல்லோட தற்காப்பு மரபணுக்களை இயக்குற என்ஆர்எஃப்2 புரதத்தைத் தட்டி எழுப்பி உடம்பையே தற்காப்புப் பண்ண வைக்குது.

பிப்பெட்: அதைத் தட்டி எழுப்பவே செஞ்ச மருந்து பார்டாக்ஸோலோன். டைப் 2வோட நாலாம் நிலை சிறுநீரக நோயும் இருந்த 2,185 பேருக்கு நடந்த சோதனையை, இதயச் செயலிழப்பு கூடுதுன்னு 2012ல பாதியில நிறுத்தினாங்க. நேரடி ஆன்டிஆக்ஸிடன்ட்டுக்கு மைக்ரோ-ஹோப் சோதனை இருக்கு: 3,654 நீரிழிவுக்காரங்க, தினம் 400 யூனிட் வைட்டமின் ஈ, நாலரை வருஷம். மாரடைப்பும் குறையலை, சிறுநீரகக் கேடும் குறையலை.

ரவைப்பதம்: ரெண்டு பேரும் கடலழிஞ்சிலைத் தாண்டிப் போயிட்டீங்க. அதுல இருக்குற சலாசினோல், கோதலனோல்ங்கிற ரெண்டு பொருளும் குடல்ல மாவையும் சீனியையும் உடைக்கிற ஆல்ஃபா-குளுக்கோசிடேஸ் நொதியைத் தடுக்குது. அகார்போஸ்ங்கிற நீரிழிவு மாத்திரை செய்ற அதே வேலை. இலங்கையில இதுக்குக் கொத்தல ஹிம்புட்டுன்னு பேரு, மரத்தையே குவளையாக் கடைஞ்சு தண்ணி ஊத்தி வெச்சுக் குடிக்கிறாங்க.

அதனால குடிக்கிற நேரம்தான் முக்கியம். சூரணம் 10 கிராம், தண்ணி 240 மி.லி., சிறுதீயில 60 ஆகுற வரை. பொடி ரவை மாதிரி இருக்கணும். மாவா அரைச்சா அடிபிடிக்கும், வடிகட்டியும் அடைச்சுக்கும். முதல் கவளத்துக்கு 10 நிமிஷம் முன்னாடி குடிக்கணும். படுக்கப் போறப்ப குடிச்சா தடுக்கறதுக்குக் குடல்ல மாவே இருக்காது. செரிக்காத மாவு பெருங்குடல்ல புளிக்கும், வயிறு உப்பும். கொஞ்சமா ஆரம்பிக்கணும்.

சர்க்கரையை இறக்குற கிளிமிபிரைடு மாத்திரையோ இன்சுலினோ போடறவங்க டாக்டர்கிட்ட சொல்லாம இதைத் தொடக் கூடாது. தாழ்சர்க்கரை வந்தா சீனித்தண்ணி, மிட்டாய் எல்லாம் கை கொடுக்காது, சீனியை உடைக்கிற நொதியும் தடைபட்டிருக்கும். குளுக்கோஸ் பவுடர்தான், 15 கிராம்.

கொன்றைப்பட்டை: கடலழிஞ்சில்ல மாஞ்சிஃபெரினும் இருக்கே? அதுவும் ஆன்டிஆக்ஸிடன்ட்தானே. பேரை மட்டும் ஏன் சலாசினோலுக்குக் கொடுக்கணும்?

பிப்பெட்: பிரிச்சுப் பார்க்க வழி இருக்கு. எலிக்குச் சீனி ஊட்டினப்ப கடலழிஞ்சில் சாறு ரத்தச் சர்க்கரை ஏற்றத்தைக் குறைச்சுது. குளுக்கோஸை நேரா ஊட்டினப்ப குறைக்கலை. மாஞ்சிஃபெரினோட ஆன்டிஆக்ஸிடன்ட் குணம்தான் காரணம்னா அதுக்குச் சீனி, குளுக்கோஸ்னு பேதம் தெரியுமா?

கொன்றைப்பட்டை: சரி, சாப்பிட்டவுடனே ஏறுறதைப் பொறுத்தவரை ஒத்துக்கறேன். ஆவாரம்பூவுக்கும் நாவலுக்கும் அதே சோதனையைத் தனித்தனியா வெச்சுட்டு வாங்க, மீதியை அப்புறம் பேசலாம்.

ரவைப்பதம்: அதுவரைக்கும் வாங்குற பாக்கெட்டைத் திருப்பிப் படிங்க. ‘ஆவாரம்பூ டீ’ன்னு விக்கிறதுல பெரும்பாலும் பூ மட்டும்தான் இருக்கும், கடலழிஞ்சில் இருக்காது.