கலைச்சொல் உதவி: ‘ஸ்லாஷர்’ படமும், நடுவில் வந்தவற்றைத் தள்ளிவிட்டு வரும் தொடர்ச்சியும்

மொழிபெயர்ப்பாளர்:

அனைவருக்கும் வணக்கம். திரைப்பட வகுப்புக்காக ஒரு நீண்ட கட்டுரையை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன், வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். 2018இல் வந்த ஹாலோவீன் படத்தைப் பற்றியது. 1978இல் ஜான் கார்பென்டர் ஏறக்குறைய 3 லட்சம் டாலரில் எடுத்த படத்துக்கு வரிசையாகத் தொடர்ச்சிகள், மறுவாக்கம், அதற்கும் ஒரு தொடர்ச்சி என்று இழுத்து, 2009க்குப் பிறகு ஒன்பது ஆண்டு அந்த வரிசையில் படமே இல்லை. டேவிட் கார்டன் கிரீன் எடுத்த 2018 படம்தான் அதைத் தூக்கி நிறுத்தியது. உலகம் முழுக்க வசூல் 25 கோடி டாலருக்கு மேல்.

இரண்டு சொற்கள் வேண்டும். ஒன்று, ஸ்லாஷர். ‘திகில் படம்’ என்று போட்டால் பேய்ப்படமும் உள்ளே வந்துவிடுகிறது. முகமூடிக்காரன் ஒருவன் ஒவ்வொருவராகக் கொன்றுகொண்டே வர, கடைசியில் ஒருத்தி மட்டும் மிஞ்சும் வகைக்குத் தனிப்பெயர் வேண்டும். இரண்டாவதுதான் எனக்குப் பெரிய தலைவலி. 2018 படம் 1978 படத்துக்கு மட்டுமே தொடர்ச்சி. இடையில் வந்தவை எதுவும் நடக்கவே இல்லை என்று அது வைத்துக்கொள்கிறது. முகமூடிக் கொலையாளி மைக்கேலும், அவனிடமிருந்து தப்பும் பெண் லாரியும் உடன்பிறந்தவர்கள் என்று 1981இல் வந்த தொடர்ச்சி சொன்னதைக்கூடத் தள்ளிவிட்டது. இதையும் ‘தொடர்ச்சி’, அதையும் ‘தொடர்ச்சி’ என்றால் மாணவர் குழம்பிப்போவார். ஆங்கிலத்தில் ‘ரீபூட்’, ‘சீக்வெல்’ இரண்டையும் சேர்த்து ‘ரீக்வெல்’ என்று ஓர் ஒட்டுச்சொல் உலவுகிறது, 2022இல் வந்த ஸ்க்ரீம் படத்தில் பாத்திரங்களே அதைப் பேசுகின்றன. நமக்கு என்ன?

குழு உறுப்பினர் ஒருவர்:

முதலாவது எளிது. வெட்டுப்படம். அடுத்தது?

திரைப்பட வகுப்பு எடுப்பவர்:

வெட்டுப்படம் வேண்டாம் ஐயா. படத்தில் ‘வெட்டு’ என்றால் தணிக்கையில் போனது, அல்லது படத்தொகுப்பில் ஒரு துண்டு முடியும் இடம். இந்த வகைப் படங்கள் தணிக்கையில் நிறையவே வெட்டு வாங்கியவை. ‘வெட்டுப்படம் 12 வெட்டுகளுடன் வெளியானது’ என்று ஒரு வாக்கியம் வந்தால் என்ன செய்வீர்கள்? தவிர, வெட்டுவதே இந்த வகையின் உயிர் இல்லை. 1974இல் வந்த பிளாக் கிறிஸ்மஸில் முதல் கொலை பிளாஸ்டிக் உறையால் மூச்சடைத்து நடப்பது. ஃபிரைடே த தர்ட்டீன்த் வரிசையில் அம்பு, ஈட்டி, கோடரி என்று கைக்குக் கிடைத்ததெல்லாம் ஆயுதம். ஆங்கிலச் சொல் கத்தியைப் பிடித்துக்கொண்டது என்பதற்காக நாமும் பிடிக்க வேண்டியதில்லை.

‘தொடர்கொலைப் படம்’ என்று யாராவது சொல்வதற்குள் அதையும் மறுத்துவிடுகிறேன். தொடர்கொலையாளியைக் காவல்துறை தேடும் துப்பறியும் கதைகளுக்கு அது ஏற்கெனவே போய்விட்டது. அதன் அடுத்த பாகத்தைத் ‘தொடர்கொலைப் படத் தொடர்ச்சி’ என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

இலக்கண ஆசிரியர்:

கொல்படம் என்று வைக்கலாம். வினைத்தொகை. கொல்களிறு போல இயல்பாகவே புணரும், கொற்படம் ஆகாது.

> கொல்படம் என்றால் படமே கொல்வதாகாதா?

என்று ஒரு தம்பி தனிமடலில் கேட்டிருக்கிறார். உண்கலம் என்றால் கலம் உண்பதா? உண்பதற்கான கலம். ஆடரங்கு என்றால் அரங்கு ஆடுவதில்லை. வினைத்தொகை எழுவாயோடுதான் நிற்க வேண்டும் என்று விதி இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது எனக்கு மிகவும் பிடித்த இடம். தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அச்சத்துக்கு நான்கு நிலைக்களன் சொல்கிறார்: ‘அணங்கே விலங்கே கள்வர்தம் இறையெனப் பிணங்கல் சாலா அச்சம் நான்கே’. பேய்ப்படம் அணங்கு. சுறா, முதலைப் படங்கள் விலங்கு. நீங்கள் சொல்லும் வகை கள்வர். இருட்டில் மறைந்து வரும் மனிதன், ஆகவே மனிதன் தரும் அச்சம். திகில் படங்களின் வகைப்பாட்டையே இந்த ஒரு நூற்பாவிலிருந்து எழுப்பலாம்.

திரைப்பட வகுப்பு எடுப்பவர்:

அருமை ஐயா, ஆனால் அந்தக் கள்வர் கள்வராகவே இருப்பதில்லை. 1978 ஹாலோவீன் படத்தின் முடிவில் மைக்கேலை அவனுடைய மருத்துவர் ஆறு முறை சுடுகிறார், மைக்கேல் மாடியிலிருந்து விழுகிறான், எட்டிப் பார்த்தால் உடலைக் காணோம். ஃபிரைடே த தர்ட்டீன்த் வரிசையின் ஆறாவது படத்தில், 1986, மின்னல் தாக்கிப் பிணமே எழுந்து வருகிறது. கள்வராகத் தொடங்கி அணங்காக ஆவதுதான் இந்த வரிசைகளின் போக்கு. வரிசை சோர்ந்துபோவதற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். எப்படியும் சாகமாட்டான் என்று தெரிந்துவிட்டால் அச்சம் எங்கே மிஞ்சும்? 2018 படம் அவனைத் திரும்பவும் வயதான ஒரு மனிதனாக்கப் பார்த்தது. 40 ஆண்டு காத்திருந்த லாரியாக, முதல் படத்தில் நடித்த ஜேமி லீ கர்ட்டிஸே திரும்பி வந்து நின்றதும் அந்த எடைக்குத்தான்.

இலக்கண ஆசிரியர்:

நீங்கள் சொன்னதைக் கேட்டதும் எனக்குக் கொல்படத்தின் மேல் பிடிப்பு கூடிவிட்டது. ‘கொல்’ வினையடி மட்டுமல்ல, ஐயப்பொருள் தரும் இடைச்சொல்லும்கூட. ‘அணங்குகொல் ஆய்மயில் கொல்லோ’ என்ற குறளை நினைத்துப் பாருங்கள். இவள் அணங்கோ, மயிலோ, மானிடப் பெண்ணோ என்று ஐயுறுகிறான். உங்கள் முகமூடிக்காரனும் அணங்கோ மனிதனோ என்று தெரியாமல் நிற்பவன்தானே! கொலையும் ஐயமும் ஒரே சொல்லில் வந்து அமர்கின்றன.

குழு உறுப்பினர் ஒருவர்:

ஐயா, குறளில் வரும் கொல்லையும் கொலையையும் முடிச்சுப் போட்டால் வகுப்பில் யாருக்கும் புரியாது. படம் பார்ப்பவர் எல்லாரும் ஸ்லாஷர் என்றுதான் சொல்கிறார்கள். பஸ், பேனா போல அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும். சொல் புரிவதற்குத்தானே?

இலக்கண ஆசிரியர்:

புரிவது பழக்கத்தால் வருவது. ‘இயக்குநர்’ என்ற சொல் பிறந்த அன்றே எல்லாருக்கும் புரிந்திருக்குமா? நாம் புழங்கத் தயங்கிவிட்டு, சொல்லின் மேல் பழி போடக்கூடாது.

மொழிபெயர்ப்பாளர்:

சரி, முதல் சொல் கொல்படம் என்று வைத்துக்கொள்கிறேன். முதல் முறை வரும் இடத்தில் ‘ஸ்லாஷர் எனப்படும் கொல்படம்’ என்று எழுதிவிடுகிறேன். வரிசைக்குப் படவரிசை போதும். இன்று புதன். இரண்டாவது சொல்?

இலக்கண ஆசிரியர்:

நன்னூல் சூத்திர நிலைகளில் ஒன்று தவளைப் பாய்த்து. இடையில் உள்ளவற்றைத் தாண்டி அப்பால் உள்ளதோடு இயைவது. தவளைப்பாய்ச்சல் தொடர்ச்சி எனலாம். இல்லையென்றால் விற்பூட்டுப் பொருள்கோள் இருக்கிறது. வில்லின் இரு முனையையும் நாண் பூட்டுவது போல முதலும் கடையும் இணைவது.

திரைப்பட வகுப்பு எடுப்பவர்:

இரண்டுமே அழகு. ஆனால் தவளை தாண்டிய சூத்திரம் செல்லாமல் போய்விடுகிறதா? இல்லையே, அது தன் இடத்தில் விதியாகத்தான் நிற்கிறது. விற்பூட்டிலும் நடுச்சொற்கள் பாட்டுக்குள்ளேயே இருக்கின்றன. இங்கே நடுவில் வந்தவை நடக்கவே இல்லை என்றாகிவிட்டது. தாண்டுவது வேறு, இல்லாமல் ஆக்குவது வேறு. வகுப்பில் நான் சொல்லித்தர வேண்டியதே அந்த வேறுபாட்டைத்தான்.

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்த ஒருவர்:

எனக்குச் சினிமாவும் இலக்கணமும் அதிகம் தெரியாது, விவசாயம் தெரியும். கரும்பை வெட்டியபின் அதே கட்டையிலிருந்து திரும்பத் தழைத்து வருவதற்கு மறுதாம்பு என்று பெயர். புதுக் கரணை நடுவதில்லை. மேலே நின்ற தண்டு எல்லாம் போய்விடும், பழைய வேர் மட்டும் நிற்கும். நீங்கள் சொல்லும் படம் அதுதானே? மறுதாம்புத் தொடர்ச்சி.

திரைப்பட வகுப்பு எடுப்பவர்:

இரண்டு முறை படித்தேன். பொருள் அப்படியே பொருந்துகிறது. ஒரே ஒரு தயக்கம்: மறுதாம்பில் போகப்போக விளைச்சல் குறையும் என்பார்கள். இந்தப் படமோ வரிசையை மீட்ட படம்.

குழு உறுப்பினர் ஒருவர்:

மறுதாம்பு என்றால் என்ன என்று விளக்க இன்னொரு பத்தி வேண்டும். ‘நேர்த்தொடர்ச்சி’ என்று வைத்துவிடுங்கள். முதல் படத்துக்கு நேரான தொடர்ச்சி. யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

இலக்கண ஆசிரியர்:

தவளையை விட மனமில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை நெருங்குவதால் நேர்த்தொடர்ச்சிக்கு ஒப்புகிறேன்.

மொழிபெயர்ப்பாளர்:

தனிமடலில் மேலும் மூவர் நேர்த்தொடர்ச்சி என்றே எழுதியிருக்கிறார்கள். அதையே போட்டு அனுப்பிவிட்டேன். எல்லாருக்கும் நன்றி.

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தவர்:

அனுப்பிவிட்டீர்கள், சரி. இருந்தாலும் பதிவுக்காக எழுதிவைக்கிறேன். நேற்று இந்தப் படங்களைப் பற்றித் தேடிப் படித்தேன். 1981 படம், முதல் படம் முடிந்த அதே இரவில் தொடங்குகிறது. அப்படியானால் நேர்த்தொடர்ச்சி என்ற பெயருக்கு உரியது அதுதான், 40 ஆண்டு கழித்து வந்தது இல்லை. அதே வரிசையில் 1998இல் வந்த படமும் 4, 5, 6ஆம் பாகங்களைத் தள்ளிவிட்டுத்தான் வந்தது, ஆனால் 1981 படத்தை வைத்துக்கொண்டது. அதை என்னவென்று அழைப்பீர்கள்? கரும்பில் முதல் மறுதாம்பு, இரண்டாம் மறுதாம்பு என்று எண்ணித்தான் சொல்வோம். 1998இல் வந்தது முதல் மறுதாம்பு, 2018இல் வந்தது இரண்டாவது. விளைச்சல் குறையும் என்றார்கள், கட்டையைச் சரியாகச் சீவி உரம் வைத்தால் மறுதாம்பிலும் நல்ல விளைச்சல் எடுக்கலாம். கட்டுரையில் திருத்தம் செய்ய வாய்ப்பு வந்தால் இந்தச் சொல்லை இன்னொரு முறை பாருங்கள்.