பேட்டரியில் சுத்தம், அடாப்டரில் இரைச்சல்: ஹெட்போன் ஆம்ப் உதவி

பொங்கல் லீவில் நானே கட்டிய சிமாய் (CMoy, சின்ன டப்பாவில் அடங்கும் எளிய டிசைன்) ஹெட்போன் ஆம்ப். 9 வோல்ட் பேட்டரியில் துளி சத்தம் இல்லை. அடிக்கடி பேட்டரி வாங்கிக் கட்டுப்படியாகாமல், போன வாரம் 12 வோல்ட் அடாப்டருக்கு ஜாக் வைத்தேன். அதைச் செருகி லேப்டாப்பில் பாட்டு போட்டால் பின்னால் "கிர்ர்ர்". வால்யூம் கூட்டினால் அதுவும் கூடுகிறது.

ஒலியைப் பெருக்கும் ஐசி ஓபிஏ2134. விர்ச்சுவல் கிரவுண்டுக்கு (சப்ளை வோல்டேஜைப் பாதியாகப் பிரிக்கும் நடுப்புள்ளி) 4.7 கே ரெசிஸ்டர் இரண்டு, 220 மைக்ரோஃபாரட் கபாசிட்டர் இரண்டு. அடாப்டர் 1 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ் (ஸ்விட்சிங் வகை), சென்னை ரிச்சி தெருவில் வாங்கியது. டிசி ஜாக் மூன்று கால் வகை. பின் உள்ளே போனதும் பேட்டரி மைனஸ் துண்டாகிறது, மல்டிமீட்டரில் பார்த்துவிட்டேன். டப்பா தகரம். ஹெட்போன் ஜாக்கின் உடம்பு விர்ச்சுவல் கிரவுண்ட், டிசி ஜாக்கின் உடம்பு மைனஸ். இரண்டும் தகரத்தில் தொட்டால் ஷார்ட் என்பதால் டிசி ஜாக் பிளாஸ்டிக்கில்தான் போட்டிருக்கிறேன். அதனால் அந்தச் சந்தேகம் வேண்டாம்.

அடாப்டருக்குப் பிறகு 1000 மைக்ரோஃபாரட் சேர்த்தேன், 7809 (9 வோல்ட் ரெகுலேட்டர் ஐசி) போட்டேன், வேறு எஸ்எம்பிஎஸ் மாற்றினேன். பலனில்லை. ஆனால் பாட்டு போனிலிருந்து வந்தால் இரைச்சல் இல்லை. லேப்டாப்பிலும் சார்ஜரைப் பிடுங்கினால் நின்றுவிடுகிறது. திரும்பச் செருகியதும் அதே கிர்ர்ர். கிரவுண்ட் லூப் (இரண்டு கருவிகளின் கிரவுண்டும் ஒன்றுக்கு மேற்பட்ட வழியில் இணைந்து இரைச்சல் நுழைவது) என்றுதான் தோன்றுகிறது. பாட்டு கேட்க ஒவ்வொரு தடவையும் சார்ஜரைப் பிடுங்குவது நடக்கிற காரியமா!

பழைய டிரான்ஸ்ஃபார்மர் வகை அடாப்டருக்கு மாறினாலே இது தீருமா, இல்லை லேப்டாப்புக்கும் ஆம்புக்கும் நடுவில் ஆடியோ ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் (கிரவுண்டை நேரடியாக இணைக்காமல் பாட்டை மட்டும் கடத்துவது) போட்டே ஆகவேண்டுமா?