ஒற்று எங்க போடணும், எங்க போடக்கூடாது? தினமும் தமிழ்ல எழுதறவங்க சொல்லுங்க

ஏரிக்கரையான்:
எல்லாருக்கும் வணக்கம். எங்க ஊர் ஏரி, மடை, தண்ணி பங்கிடற முறை இதையெல்லாம் பெரியவங்ககிட்ட கேட்டுக் கேட்டு கட்டுரையா எழுதிட்டு வர்றேன். எழுத்துப்பிழைய எப்படியாவது பாத்து திருத்திடலாம், ஆனா இந்த க், ச், த், ப் எங்க வரும் எங்க வராதுன்னு பிடிபடவே மாட்டேங்குது. ஸ்கூல்ல மனப்பாடம் பண்ணதெல்லாம் பரீட்சையோட போச்சு. நீங்கல்லாம் எப்படி சமாளிக்கிறீங்க? சாஃப்ட்வேர் ஏதாவது நம்பலாமா?

மெய்ப்புக்காரர்:
தம்பி, எல்லா விதியும் ஒரேயடியா வேணாம், அடிக்கடி வர்றத மட்டும் முதல்ல பிடிச்சுக்கோங்க. ஐ, கு இந்த ரெண்டு வேற்றுமை உருபுல முடியற சொல்லுக்கு அடுத்து க ச த ப-ல ஆரம்பிக்கற சொல் வந்தா கண்டிப்பா ஒற்று போடணும். ஏரியைத் தூர்வாரினார்கள், மடைக்குப் போனார்கள். அந்த, இந்த, எந்த, அப்படி, இப்படி இதுக்கெல்லாமும் அப்படித்தான், அந்தக் கரை, இப்படிச் சொன்னார். வெட்டச் சொன்னார், தேடிப் போனார் இதுவும் சேத்துக்கோங்க. கேட்டு, படித்து, எடுத்து மாதிரி அழுத்தி முடியறதுக்கும் போடணும், கேட்டுப் பார்த்தேன். ஆனா வந்து, செய்து பின்னாடி போடக்கூடாது, வந்து போனார்னுதான் வரும். வாய்விட்டு சொல்லிப் பாருங்க, நாக்கே பாதி சொல்லிக்கொடுத்துடும்.

நான் ப்ரூஃப்ல அதிகம் அடிக்கறது விட்டுப்போன ஒற்று இல்ல, பயந்துபோய் எல்லா இடத்துலயும் போட்டு வெச்சிருக்கற ஒற்றுதான். "வெட்டியக் குளம்", "பெருகியத் தண்ணீர்"னு எழுதறாங்க, ரெண்டுமே தப்பு, பெயரெச்சத்துக்குப் பின்னாடி மிகாது. வெட்டிய குளம், பெருகிய தண்ணீர். சில இடத்துல அர்த்தமே மாறிடும். வேலை கொடுத்தார்னா உத்தியோகம், வேலைக் கொடுத்தார்னா முருகன் கையில இருக்கற வேல்.

வகுப்பறை:
ஒற்று விட்டுப்போனா கூட படிக்கறவங்க புரிஞ்சுக்குவாங்க, எழுவாயும் பயனிலையும் ஒட்டாம போனாத்தான் வாக்கியமே விழுந்துடும், அதனால முதல்ல அதைப் பாருங்கன்னு நான் சொல்லுவேன். "மடைகள் உடைந்தது"ன்னு எழுதக்கூடாது, உடைந்தன. "ஒவ்வொரு ஊர்களிலும்" இல்ல, ஒவ்வொரு ஊரிலும். நீள வாக்கியத்துலதான் இது அதிகம் நடக்கும். "இந்த ஏரியை ஊர் மக்கள் எல்லாரும் ஒன்றுசேர்ந்து பஞ்சகாலத்தில் வெட்டப்பட்டது"ன்னு ஆரம்பம் ஒண்ணு முடிவு ஒண்ணா போயிடும். எழுதி முடிச்சதும் நடுவுல இருக்கறத விரலால மறைச்சுட்டு முதலையும் கடைசியையும் மட்டும் சேத்துப் படிங்க, "ஏரியை மக்கள் வெட்டப்பட்டது", உடனே தெரிஞ்சுடும். வெட்டினார்கள்னு மாத்தினா முடிஞ்சது.

அப்புறம் சுவற்றில்னு எழுதாதீங்க. கிணறு, ஆறு ரெண்டும் று-ல முடியுது, அதனால கிணற்றில், ஆற்றில். சுவர் ர்-ல முடியுது, சுவரில்தான். உயிரெழுத்துக்கு முன்னாடி ஓர், ஓர் ஏரி, மெய்க்கு முன்னாடி ஒரு, ஒரு மடை.

விசைப்பலகை:
சாஃப்ட்வேர் கேட்டீங்களே. நீச்சல்காரன்ங்கறவர் செஞ்ச நாவிங்கற கருவி சந்திப்பிழைக்கு, அதாவது இந்த ஒற்றுப்பிழைக்கு, அவரோட வாணி எழுத்துப்பிழைக்கு, ரெண்டும் இணையத்துல இலவசம். ஆனா மேல சொன்ன வேலை கொடுத்தார், வேலைக் கொடுத்தார் மாதிரி இடத்துல நீங்க எதை நினைச்சு எழுதினீங்கன்னு அதுக்குத் தெரியாது, காட்டறதையெல்லாம் அப்படியே ஏத்துக்காம ஒவ்வொண்ணா பாருங்க.

இன்னொண்ணு, ஆங்கில எழுத்த தட்டி தமிழ் வரவைக்கறப்போ ல, ள ரெண்டுக்கும் ஒரே கீ, ஷிஃப்ட் விட்டா பள்ளி பல்லியா வந்து நிக்கும். 1999ல தமிழ்நாடு அரசு ஏத்துக்கிட்ட தமிழ்99 விசைப்பலகைல ல, ள, ழ, ர, ற, ன, ண எல்லாத்துக்கும் தனித்தனி கீ. க-வ ரெண்டு தடவை தட்டினா புள்ளி தானா விழுந்து க்க வந்துடும். பழக கொஞ்சம் நாள் ஆகும், ஆனா இந்த மாதிரி பிழை நிறைய குறையும்.

ஏரிக்கரையான்:
ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். ஒரே ஒரு டவுட், மடை திறந்தார்கள்னு எழுதறதா, மடைத் திறந்தார்கள்னு எழுதறதா? மடையும் ஐ-லதான முடியுது?

மெய்ப்புக்காரர்:
நல்ல கேள்வி தம்பி. அங்க ஐ உருபு இல்ல, மடைங்கற பேரே அப்படித்தான் முடியுது. உருபு மறைஞ்சிருந்தா ஒற்று வராது, மடை திறந்தார்கள். உருபு வெளிய தெரிஞ்சா வரும், மடையைத் திறந்தார்கள்.