மறு: டிஸ்சார்ஜுக்கு ‘விடுவிப்பு’ போதுமா?

> டிஸ்சார்ஜ் விடுவிப்பு, அக்விட்டல் விடுதலை என்று சட்டச்சொல் பட்டியலிலேயே இருக்கிறதே ஐயா, புதுச்சொல் எதற்கு?

இருக்கிறது, சரி. டிஸ்சார்ஜ் என்பது விசாரணை தொடங்கும் முன்பே வழக்கிலிருந்து விடுவது; அக்விட்டல் என்பது பொதுவாக விசாரணை முடிந்து, குற்றவாளி இல்லை என்று தீர்ப்பது. ஆனால் நாளிதழில் ஜாமீனில் வருபவரும் விடுவிப்பு, சாட்சி விசாரணைக்கு முன்பே வழக்கிலிருந்து கழன்றவரும் விடுதலை. தலைப்பை மட்டும் படிப்பவர் என்ன செய்வார்?

போலீஸ் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்கிறது. நீதிமன்றம் அதைக் கோப்பில் எடுத்து, எதிரிக்கு நகல் கொடுக்கிறது. (குற்றம் சாட்டப்பட்டவரை ‘எதிரி’ என்னும் நம் கோர்ட் தமிழுக்குத் தனி இழையே போடலாம்.) அப்புறம்தான் குற்றச்சாட்டு வனைவது, அதாவது எந்தக் குற்றத்துக்கு விசாரணை என்று நீதிமன்றம் முறையாக எழுதுவது. அப்போது ஆவணங்களைப் பார்த்து, இரு தரப்பையும் கேட்டு, வழக்கை நடத்த முகாந்திரமே இல்லை என்று தெரிந்தால் நீதிபதி டிஸ்சார்ஜ் செய்கிறார். ஒரு சாட்சிகூடக் கூண்டு ஏறியிருக்க மாட்டார்.

விளைவும் வேறு. விடுதலையானவர்மேல், அந்தத் தீர்ப்பு நிற்கும்வரை, அதே குற்றத்துக்கு மறுபடி வழக்கு நடத்த முடியாது. டிஸ்சார்ஜ் ஆனவருக்கு அந்தக் காப்பு கிடையாது. டிஸ்சார்ஜ் என்பது விடுதலை ஆகாது என்று, இப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 337-ஆம் பிரிவு விளக்கமே சொல்லிவிடுகிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும் இதேதான், பிரிவு 300.

> ‘முன்விடுவிப்பு’ என்று வைக்கலாமே?

ஆயுள் கைதிகளின் ‘முன்கூட்டியே விடுதலை’ செய்தி அடிக்கடி வருகிறது. நிச்சயம் குழம்பும்.

> ‘வழக்குநீக்கம்’?

அது உயர் நீதிமன்றம் வழக்கையே ரத்து செய்வதுபோல ஒலிக்கிறது. ‘சாட்டா விடுவிப்பு’ அழகுதான். ஆனால் எஃப்.ஐ.ஆரிலேயே குற்றம் சாட்டியாகிவிட்டதே!

என் பரிந்துரை: ‘வனையா விடுவிப்பு’. வனைதல் வக்கீல்களும் குமாஸ்தாக்களும் தினம் புழங்கும் சொல். ‘அழியாப் புகழ்’ போன்ற அமைப்புதான். வகரம் வருவதால் ஒற்று மிகாது. நாளிதழுக்குக் கரடுமுரடாகத் தெரிந்தால் ‘குற்றச்சாட்டு வனையாமல் விடுவிப்பு’ என்று விரித்து எழுதட்டும்.

அதே சன்ஹிதாவின் 360-ஆம் பிரிவில் இதைப் போட்டுப் பாருங்கள். அரசு வழக்கறிஞர் நீதிமன்ற அனுமதியோடு வழக்கைத் திரும்பப் பெறுகிறார். குற்றச்சாட்டு வனைவதற்கு முன் என்றால் டிஸ்சார்ஜ், வனைந்த பின் என்றால் விடுதலை. சட்டம் கோடு கிழித்திருப்பதே வனைதலில்தான். சிறு குற்றங்களுக்கான சம்மன் வழக்குகளில் முறையாகக் குற்றச்சாட்டு வனைவது இல்லை. அங்கே நிறுத்தப்படும் வழக்குக்கு இந்தச் சொல் பொருந்துமா என்பதை வழக்காடும் நண்பர்கள் யாராவது சொல்லுங்கள்.