செந்தூலில் டிசு விற்கும் பிள்ளைகள்: பள்ளியில் சேர்க்க எங்கிருந்து தொடங்குவது?

செந்தூல்காரன்:
கோலாலம்பூர் செந்தூலில் இரண்டு பிள்ளைகள், 9 வயதும் 11 வயதும். இரவு பத்து மணி வரை சாப்பாட்டுக் கடைகளில் மேசை மேசையாக டிசு, முறுக்குப் பாக்கெட் விற்கிறார்கள். அம்மாவிடம் மைகாட் (மலேசியக் குடிமக்களின் அடையாள அட்டை) உண்டு. அப்பா வெளிநாட்டுக்காரர், கோயில் கல்யாணத்தோடு சரி, பதிவில்லை. பிள்ளைகளுக்குப் பிறப்புப் பத்திரமே எடுக்கவில்லை. அது வந்தால்தான் பள்ளியா? 15999-க்கு (அரசின் தாலியான் காசே உதவி எண்) சொல்லிவிடலாமா?

தாமரை:
பத்திரத்துக்காகக் காத்திருக்காதீர்கள். பெற்றோரில் ஒருவர் குடிமகனாக இருந்தால், ஆவணம் முடிவாகுமுன்பே அரசுப் பள்ளியில் சேர்க்க 2019-லிருந்து வழி உண்டு. ஜேபிஎன்னில் (தேசியப் பதிவு இலாகா) பிறப்புப் பத்திரத்துக்கு விண்ணப்பித்த ரசீது, அம்மாவின் மைகாட் இரண்டையும் எடுத்துக்கொண்டு செந்தூல் கல்வி அலுவலகத்துக்கே போங்கள். பள்ளி வாசலில் கேட்டால், விவரம் தெரியாத அலுவலர் "சூராட் (பத்திரம்) இல்லையா, முடியாது" என்று திருப்பி அனுப்பிவிடலாம்.

பிறந்து 60 நாள் தாண்டினால் தாமதப் பதிவு. பிரசவித்த மருத்துவமனையின் பிறப்பு உறுதிக் கடிதமும் அம்மாவின் கர்ப்பகாலப் புத்தகமும்தான் முக்கியம். பெரும்பாலும் இங்கேதான் இடிக்கும்: செலவுக்குப் பயந்து அக்கா தங்கையின் மைகாட்டைக் காட்டிப் பிரசவம் பார்த்திருந்தால் பெயர் ஒத்துப்போகாது. அப்படி ஏதாவது இருந்தால் முதலிலேயே சொல்லச் சொல்லுங்கள்.

செந்தூல்காரன்:
அப்பா பெயரைப் போடாவிட்டால் குடியுரிமை போய்விடுமா?

தாமரை:
போகாது. அம்மா குடிமகள், பிறந்தது இங்கே, அது போதும். பதிவில்லாத திருமணத்தில் இருவரும் சேர்ந்து கேட்டுக் கையெழுத்திட்டால்தான் அப்பா பெயர் வரும். அம்மா வெளிநாட்டவராக இருந்தால்தான் தலைவலி.

பட்டர்வொர்த் டீச்சர்:
எந்த வகுப்பு என்பது வயதை வைத்துத்தான். சின்னவன் மூன்றாம் ஆண்டு, எழுத்து, கணக்கில் பின்தங்கியவர்களுக்கான குறைநீக்கல் வகுப்பு கிடைக்கும். பெரியவன் ஐந்தாம் ஆண்டு. அந்த வகுப்பு அவனுக்கு இல்லை, எழுத்தே தெரியாமல் உட்காருவான். எழுத்துக் கற்றுக்கொடுக்க மாலையில் ஆள் வேண்டும், இல்லையென்றால் இரண்டு மாதத்தில் நின்றுவிடுவான். சௌகிட்டில் இருக்கும் ஜாலினான் காசே பள்ளி இப்படிப்பட்ட பிள்ளைகளுக்காகவே 2013-இல் தொடங்கியது, அங்கும் கேளுங்கள்.

டிசு விற்ற காசுக்கு மாற்று இல்லாமல் பள்ளி மட்டும் கொடுத்தால் நிலைக்காது. சேர்ந்த அன்றே ஆர்எம்டி (பள்ளியின் இலவச உணவுத் திட்டம்) காலை உணவு, இரவல் பாடநூல், ஏழை மாணவர் நிதி மூன்றையும் தலைமையாசிரியரிடம் கேளுங்கள். சமூகநல இலாகாவின் பிள்ளை உதவித்தொகைக்கு அம்மா தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

கிள்ளான்சாலை:
15999 பற்றி: காசை வாங்கிப்போக வேறு ஆள் இருந்தால் இன்றே கூப்பிடுங்கள். அம்மாதான் என்றால் முதலில் அவரோடு பேசுங்கள். பிள்ளையைப் பிச்சைக்கோ உரிமமில்லா விற்பனைக்கோ தெருவில் விட்டால், 2001 சிறார் சட்டம் 32-ஆம் பிரிவில் அவரே குற்றவாளி. சட்டப்படி 13 வயதுக்குக் கீழே இலேசான வேலையும் கிடையாது. 13, 14 வயதுக்காரர்களுக்கும் இரவு 8 முதல் காலை 7 வரை தடை. பள்ளியும் வேலையும் சேர்ந்து ஒரு நாளைக்கு 7 மணி நேரம்தான்.

ஜேபிஎன் ரசீதை இரண்டு நகல் எடுங்கள், ஒன்று பள்ளிக்கு.