எல்.டி.எல். (கெட்ட கொலஸ்ட்ரால்) 168. மூன்று மாத அவகாசத்தில் சாப்பாட்டில் எதை மாற்றலாம்?

தக்கலை_42:
வயது 42. மொத்த கொலஸ்ட்ரால் 248, எச்.டி.எல். (நல்ல கொலஸ்ட்ரால்) 42, ட்ரைகிளிசரைடு (ரத்தத்தில் உள்ள இன்னொரு கொழுப்பு) 190, எல்.டி.எல். 168. சுகர், பிரஷர், புகை, குடி எதுவும் இல்லை. மாத்திரைக்கு முன் மூன்று மாதம் பார்க்கலாம் என்றார் டாக்டர். வீட்டில் தேங்காய் எண்ணெய்தான். தேங்காய் அரைக்காத கறி கிடையாது. சாயங்காலம் மரச்சீனிக் கிழங்கோ ஏத்தங்காய் (நேந்திரங்காய்) சிப்ஸோ இருக்கும். எதிலிருந்து தொடங்க? தினமும் சாளை (மத்தி மீன்) தின்றால் எல்.டி.எல். இறங்குமா?

நாஞ்சில்_அடுக்களை:
முதலில் தேங்காயில் கை வையுங்கள். நம்ம ஊரில் இதைச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள், ஆனாலும் கணக்கைப் பாருங்கள். எல்.டி.எல். குறைய வேண்டியவருக்கு, 2000 கலோரி சாப்பாட்டில் நிறைவுற்ற கொழுப்பு 13 கிராமுக்குள் நிற்க வேண்டும். ஒரு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெயிலேயே 11, 12 கிராம் வந்துவிடும். 100 கிராம் துருவலில் 30 கிராம் பக்கம் இருக்கிறது. இந்தக் கொழுப்பு கூடினால், ரத்தத்திலிருந்து எல்.டி.எல்.லை ஈரல் இழுத்தெடுப்பது மந்தமாகிறது, அளவு ஏறுகிறது.

தாளிக்க நல்லெண்ணெய் அல்லது கடலை எண்ணெய், ஆளுக்கு மாதம் அரை லிட்டர் போதும். துருவல் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு மேசைக்கரண்டி. மீன்கறிக்குச் சின்ன உள்ளியும் மல்லியும் வதக்கி அரைத்தால் தேங்காய் குறைந்தாலும் கறி கெட்டியாகவே இருக்கும். தேங்காய் எண்ணெயை விட்டு ரேஷன் பாமாயிலுக்கு மாறிவிடாதீர்கள். அதிலும் நிறைவுற்ற கொழுப்பு சுமார் 40 சதவீதம். சிப்ஸை அடியோடு விடுங்கள்.

குளச்சல்_கரை:
சாளை, அயிலை (கானாங்கெளுத்தி) இரண்டும் ட்ரைகிளிசரைடைத்தான் இறக்கும், எல்.டி.எல்.லை அல்ல. இருந்தாலும் மாட்டிறைச்சி வைக்கும் நாளில் சாளைக் கறி வைத்தால் அதுவே லாபம். வாரம் 2, 3 நாள் போதும், பொரிக்க வேண்டாம்.

எல்.டி.எல்.லுக்குக் கரையும் நார்ச்சத்து வேண்டும். அது குடலில் பித்த அமிலத்தைப் பிடித்து வெளியே தள்ளும். புதிதாகப் பித்தம் செய்ய ஈரல் ரத்தத்துக் கொலஸ்ட்ராலை எடுத்துக்கொள்ளும். 75 கிராம் ஓட்ஸில் 3 கிராம் பீட்டா குளுக்கன் என்ற கரையும் நார்ச்சத்து கிடைக்கும். தினமும் சாப்பிட்டால் எல்.டி.எல். 5 சதவீதம் போல இறங்கும். மசாலா ஓட்ஸ் பாக்கெட் ஒன்றில் இதில் பாதிதான் இருக்கும், உப்பும் அதிகம். ராத்திரி சோற்றுக்குப் பதில் சிறுபயறு கூடுதலாகப் போட்ட கஞ்சி நல்லது. இசப்கோல் (நார்ச்சத்துள்ள விதை உமி) எடுத்தால் ஒரு பெரிய தம்ளர் தண்ணீரோடு குடியுங்கள், இல்லையென்றால் தொண்டையில் அடைக்கும். தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள் 4 மணி நேரம் இடைவெளி விட வேண்டும்.

தேங்காயைக் குறைத்த பசிக்குச் சோறும் கிழங்கும் கூட்டினால் உங்கள் ட்ரைகிளிசரைடு 190 இன்னும் ஏறும். நிறையப் பேர் சறுக்குவது இங்கேதான்.

மார்த்தாண்டம்_லேப்:
நடையைப் பற்றி யாரும் சொல்லவில்லை. வாரம் 150 நிமிட வேக நடை ட்ரைகிளிசரைடுக்கு நன்றாக உதவும், எல்.டி.எல். கொஞ்சம்தான் அசையும். எடை கூடுதலென்றால் 5 முதல் 10 சதவீதம் குறைத்தாலே ரிப்போர்ட் மாறும்.

எல்லாம் ஒழுங்காகச் செய்து 15 சதவீதம் இறங்கினால் 168 என்பது 143 ஆகும். எல்.டி.எல். 190-க்கு மேலே உள்ளவர்களும், மாரடைப்பு வந்தவர்களும், 40 வயது தாண்டிய சர்க்கரை நோயாளிகளும் இந்தத் திரியைப் பார்த்து மாத்திரையை நிறுத்தக் கூடாது. அவர்களுக்குச் சாப்பாட்டு மாற்றம் மாத்திரையோடு சேர்த்துத்தான்.

டி.எஸ்.எச். (தைராய்டுக்கான ரத்தப் பரிசோதனை) பார்த்தீர்களா? தைராய்டு மந்தமானாலும் எல்.டி.எல். ஏறும், அப்போது எண்ணெய் மாற்றி மட்டும் பலனில்லை. 12 வாரம் கழித்து அதே லேபில், அதே மாதிரி வெறும் வயிற்றில் பாருங்கள். காய்ச்சல் வந்து போன உடனே வேண்டாம், அளவு பொய்யாகக் குறைந்து காட்டும்.