பிரெட்ஃபோர்டன் ஃப்ளீஸ் இன்: பழைய ஊர்ப் பப்களில் நீங்கள் பார்த்தது என்ன?

வழிப்போக்கன்:

பப் என்றாலே குடிக்கிற இடம், நமக்கு அங்கே என்ன வேலை என்று வருடக்கணக்காக இங்கிலாந்தில் இருந்தும் உள்ளே எட்டிப் பார்க்காத நம்மாட்கள் நிறையப் பேர். நானும் குடிப்பதில்லை. ஆனாலும் ஊஸ்டர்ஷயரில், ஈவ்ஷாமுக்குப் பக்கத்தில் பிரெட்ஃபோர்டன் கிராமத்தில் இருக்கிற ஃப்ளீஸ் இன்னுக்கு, ஊரிலிருந்து யார் வந்தாலும் கூட்டிக்கொண்டு போய்விடுவேன். ஒரு காபி வாங்கிக்கொண்டு உத்தரத்தையும் சுவரையும் பார்த்தபடி உட்கார்ந்திருந்தால் நேரம் போவதே தெரியாது.

அது பப்பாகக் கட்டின கட்டடமே இல்லை. 15ஆம் நூற்றாண்டில் பேர்ட் என்ற குடும்பம் கட்டிய பண்ணைவீடு. ஒரே நீளக் கூரை, அதன் கீழ் ஒரு பக்கம் மனிதர்கள், மறுபக்கம் கால்நடைகள். 1830இல் ஒரு சட்டம் வந்தது: வரி கட்டுகிற எவரும் 2 கினி (அந்தக் காலப் பணம்) கொடுத்து உரிமம் வாங்கினால் சொந்த வீட்டிலேயே பீர் காய்ச்சி விற்கலாம். ஜின்னில் விழுந்து கிடந்த ஜனங்களைப் பீர் பக்கம் திருப்பலாம் என்பதும் அதில் ஒரு கணக்கு. அதற்கப்புறம் நாடு முழுக்கப் பண்ணைவீடுகளின் முன்னறைகள் பப்பாக மாறின, 1848இல் இந்த வீடும் மாறியது. அதனால்தான் உள்ளே போனால் கடைக்குள் நுழைகிற உணர்வே வராது, யார் வீட்டுக்கோ விருந்துக்குப் போன மாதிரி இருக்கும். குனிந்து நுழையணும், தரை முழுக்கத் தேய்ந்த கல், முதுகு உயரமான மரப் பெஞ்சு, அலமாரியில் வரிசையாக 17ஆம் நூற்றாண்டு பியூட்டர் (வெள்ளீயக் கலவை) தட்டுகள். 1651 ஊஸ்டர் போருக்குப் போகிற வழியில் உள்நாட்டுப் போர்த் தளபதி குரோம்வெல் விட்டுப்போன தட்டுகள் என்பது ஊர்க்கதை.

எனக்கு ரொம்பப் பிடித்தது கணப்புதான். அதன் முன்னால் தரைக்கல்லில் மூன்று வெள்ளை வட்டங்கள் போட்டிருக்கும். சூனியக்காரி புகைபோக்கி வழியாக இறங்குவாள், வட்டத்தைத் தாண்டி வீட்டுக்குள் வர முடியாது என்று பழைய நம்பிக்கை. அழிய அழியத் திரும்பவும் போடுகிறார்கள். என் அம்மா வந்திருந்தபோது விஷயத்தைச் சொல்வதற்கு முன்பே வட்டத்தை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு போனார். ஏம்மா என்றால், "யாரோ எதையோ நினைச்சுப் போட்டிருக்காங்க, நாம ஏன் மிதிக்கணும்?"

இவ்வளவும் மிஞ்சியதற்கு லோலா டேப்ளின்தான் காரணம். கட்டினவர்களின் வழியில் வந்தவர், வைத்தது வைத்தபடி இருக்கட்டும் என்று எதையும் மாற்றாமல் நடத்தியவர். 1977இல் அதே கணப்பின் பக்கத்தில் உயிர் போனது. வீட்டைப் பழைய கட்டடங்களைக் காக்கிற நேஷனல் டிரஸ்ட் அறக்கட்டளைக்கு எழுதி வைத்திருந்தார். உருளைக்கிழங்கு சிப்ஸ் விற்கக்கூடாது என்றும் சொல்லிவிட்டுப் போனதாகச் சொல்கிறார்கள். கேட்கிறவர்களுக்குச் சின்ன விஷயமாகத் தெரியலாம், எனக்கு அதில் ஒரு வீட்டுக்காரம்மாவின் உறுதி தெரிகிறது. 2004 பிப்ரவரியில் கூரையில் தீப்பிடித்து மேல்தளம் போய்விட்டது. கீழ்த்தளமும் பொருட்களும் தப்பின. மேலே போனதைத் திரும்பக் கட்டி 2005இல் திறந்துவிட்டார்கள். காசு பார்க்கிறவர்கள் கையில் இருந்திருந்தால் அந்தத் தீயோடு கதை முடிந்திருக்கும் என்பது என் கருத்து.

நீங்கள் போன இடங்களையும் எழுதுங்கள்.

தச்சுப்பட்டறை:

நல்ல இடத்தில் தொடங்கினீர்கள். பழைய கட்டடங்களைப் பழுது பார்க்கிற வேலையில் இருக்கிறேன், சாமர்செட் பக்கம். இந்த வீடுகள் ஏன் கோணலாக இருக்கின்றன என்று எல்லோரும் கேட்பார்கள். ஓக் மரத்தை ஈரத்தோடு அறுத்து, ஈரத்தோடே மரச்சட்டம் கோர்த்து, மர ஆணி அடித்து நிறுத்தினார்கள். காய்ந்த ஓக்கில் உளி இறங்காது. சட்டம் நின்ற இடத்திலேயே வருடக்கணக்கில் காய்ந்து, முறுக்கிக்கொண்டு இணைப்பை இன்னும் இறுக்கிவிடும். அதனால் கோணலைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியது சிமெண்டைப் பார்த்து. சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விட்டுவிடும், சிமெண்ட் உள்ளேயே அடைத்துவிடும், வெளியே சுவர் பளிச்சென்று இருக்க உள்ளே மரம் உளுத்துக்கொண்டிருக்கும். போன நூற்றாண்டில் நல்லெண்ணத்தோடு பூசின சிமெண்டைச் சுரண்டி எடுப்பதே எங்கள் வேலையில் பாதி.

நார்ட்டன் செயின்ட் ஃபிலிப்பில் ஜார்ஜ் இன்னைப் பாருங்கள். கீழ்த்தளம் கல், மேல் இரண்டு தளமும் மரச்சட்டம், ஒவ்வொன்றும் கீழே இருப்பதைவிடக் கொஞ்சம் தெருப்பக்கம் துருத்திக்கொண்டு நிற்கும். பக்கத்து ஹின்டன் மடத்துத் துறவிகள் கம்பளி வியாபாரத்துக்காகக் கட்டினது. 1668 ஜூனில் சாமுவேல் பீப்ஸ் இந்த ஊரில் 10 ஷில்லிங்குக்கு நன்றாகச் சாப்பிட்டதாக டைரியில் எழுதியிருக்கிறார். 1685இல் அரசரை எதிர்த்து நடந்த கலகத்தில் மன்மத் பிரபுவின் படை தங்கி, இந்தத் தெருவிலேயே சண்டையும் நடந்தது.

இன்னொன்று, உள்ளே போனால் உத்தரத்தில் கண்ணீர்த்துளி வடிவத்தில் கருகின தடம் இருக்கிறதா என்று தேடுங்கள். மெழுகுவர்த்தி தவறிப் பட்டது என்று நினைப்போம். சும்மா பட்டால் அப்படி ஆழமாகக் கருகாது, வேண்டுமென்றே பிடித்துச் சுட்டிருக்கிறார்கள். அதுவும் தீமை அண்டாமல் இருக்கச் செய்த காப்புதான் என்கிறார்கள், அந்த மூன்று வட்டத்தின் சாதி. 2016இல் பழைய கட்டடங்களைக் கவனிக்கிற அரசு அமைப்பான ஹிஸ்டாரிக் இங்கிலாந்து பொதுமக்களிடமே இந்த மாதிரிக் குறிகளைக் கண்டுபிடித்துத் தரச் சொல்லிக் கேட்டது.

டட்லிக்காரி:

படிக்கப் படிக்க ஆற்றாமையாக இருக்கிறது, ஏனென்றால் எங்கள் ஊர்ப்பக்கம் இருந்தது இப்போது இல்லை. ஹிம்லி அருகே குரூக்கட் ஹவுஸ். 1765இல் கட்டின பண்ணைவீடு, அதுவும் பிறகு பப் ஆனதுதான். அடியில் நிலக்கரிச் சுரங்கம் தோண்டித் தோண்டி ஒரு பக்கம் 4 அடி இறங்கிவிட்டது. ஜன்னல் சாய்வு, கதவு சாய்வு, மேஜையில் கோலிக்குண்டை வைத்தால் மேட்டை நோக்கி ஓடுவது போலக் கண்ணுக்குத் தெரியும். என் பையன் அந்த மேஜையை விட்டு நகரவே மாட்டான்.

2023 ஆகஸ்ட் 5 இரவு தீப்பிடித்தது. இரண்டே நாளில் முழுவதையும் இடித்துவிட்டார்கள். நாங்கள் போனபோது செங்கல் குவியல்தான் கிடந்தது, அதைச் சுற்றி நின்று பெரியவர்கள் அழுதார்கள். பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் அது இல்லை. 2024 பிப்ரவரியில் கவுன்சில் பழையபடி கட்டித் தரச் சொல்லி உத்தரவு போட்டது. கட்டட்டும், கட்டணும். ஆனால் அண்ணா, உங்கள் ஊர்ப்பக்கம் இருக்கிற பப் பட்டியலில் இருக்கிறதா என்று எல்லோரும் இன்றைக்கே இணையத்தில் பாருங்கள். ஹிஸ்டாரிக் இங்கிலாந்தின் தேடல் பக்கத்தில் ஊர்ப் பெயரைப் போட்டாலே வந்துவிடும். இல்லையென்றால் சேர்க்கச் சொல்லி யாரும் விண்ணப்பிக்கலாம், காசு கிடையாது.

வழிப்போக்கன்:

விண்ணப்பத்துக்குக் காசு கிடையாது என்பது எனக்குப் புதுச் செய்தி, நன்றி. எங்கள் தெருமுனையில் இருப்பதை இன்று ராத்திரியே பார்க்கிறேன். பிரெட்ஃபோர்டன் எப்படிப் போவது என்று தனிச்செய்தியில் கேட்டவர்களுக்கு: ஈவ்ஷாம், ஹனிபோர்ன் இரண்டு ஸ்டேஷனுமே பக்கம். மே மாதம் போனால் அஸ்பாரகஸ் (தண்டாகச் சாப்பிடுகிற காய்) சீசன், ஃப்ளீஸிலேயே கட்டுக்கட்டாக ஏலம் விடுவார்கள். கூட்டம் நெரியும், காலையிலேயே போய்விடுங்கள்.